குழாயின் கீழ்முனை

மூளையில் நீர் கோத்துக்கொண்ட பிள்ளைக்கு டியூப் வைத்து வீட்டுக்கு அனுப்பும்போது எல்லோரும் தலையைப் பற்றித்தான் பேசுவார்கள். தலையில் அடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வாந்தி எடுத்தால் வாருங்கள், எந்நேரமும் தூங்கி வழிந்தால் உடனே ஓடி வாருங்கள் என்பார்கள். சொல்வதெல்லாம் சரிதான். ஆனால் அந்தக் குழாயின் பெரும்பகுதி தலையில் இல்லை. காதுக்குப் பின்னால் இறங்கி, கழுத்தையும் மார்பையும் தோலுக்கடியிலேயே கடந்து, வயிற்றுக்குள் ஒரு சாணுக்குக் குறையாமல் சுருண்டு கிடக்கிறது. அந்தக் கீழ்முனையால் வரும் தொல்லைகளை டிஸ்சார்ஜ் நாளின் அவசரத்தில் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அம்மாக்களுக்கும் அன்றைக்குக் காதில் எதுவும் ஏறாது. பிள்ளை கண் விழித்துச் சிரித்தால் போதும் என்றிருக்கும்.

நான் டாக்டர் இல்லை. சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையின் ஆபரேஷன் தியேட்டரில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்று, பிறந்த ஊரான திருத்தணிக்கே திரும்பி வந்தவள். ம.பொ.சி. சாலையிலிருந்து உள்ளே திரும்பி 'நர்சம்மா வீடு' என்று கேட்டால் காட்டுவார்கள். பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் நகரி, புத்தூர் என்று எங்கிருந்தெல்லாமோ மஞ்சள் பையில் ஸ்கேன் படங்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வருவார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் படத்தைத் தூக்கிப் பிடித்து நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பு. அதைச் செய்ய மாட்டேன். எங்கே போக வேண்டும், போய் என்ன கேட்க வேண்டும் என்பதை மட்டும் சொல்வேன். அப்படிச் சொல்லிச் சொல்லிப் பழகியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மூளைக்குள் நான்கு அறைகள் உண்டு. அவற்றில் தண்ணீர் போலத் தெளிந்த ஒரு நீர் இடைவிடாமல் சுரக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ அரை லிட்டர். ஆனால் எந்த நேரத்திலும் உள்ளே இருப்பது 150 மில்லிலிட்டர்தான். அதாவது ஒரே நாளில் மூன்று முறைக்கு மேல் பழையது போய்ப் புதியது வருகிறது. சுரப்பது நிற்பதே இல்லை. வடிகிற வழி அடைபட்டால் அறைகள் வீங்கும். கைக்குழந்தையின் மண்டையோடு இன்னும் ஒட்டாமல் இருப்பதால் தலையே பெருக்கும். உச்சிக்குழி விம்மும், கருவிழி கீழே இறங்கி மேலே வெள்ளை தெரியும். வளர்ந்தவர்களின் தலை பெருக்க முடியாது. அழுத்தம் முழுவதையும் மூளையே தாங்க வேண்டியதுதான். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு மூளையில் ரத்தம் கசிந்தாலும், முதுகுத்தண்டு மூடாமல் பிறந்தாலும், மூளைக்காய்ச்சல் வந்து போனாலும், கட்டி இருந்தாலும் இது வரலாம். எங்கள் பக்கத்தில் காசநோயும் ஒரு பெரிய காரணம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்தக் குழாயைத்தான் ஆஸ்பத்திரியில் ஷன்ட் என்போம். ஷன்ட் ஆபரேஷனுக்குக் கருவிகளை எடுத்துவைக்கும்போதே தியேட்டரின் நடமாட்டம் அடங்கிவிடும். கதவைத் திறந்து திறந்து மூடக் கூடாது. அன்றைய பட்டியலில் முதல் ஆபரேஷனாக இதைத்தான் வைப்பார்கள். குழாயின் உறையைக் கடைசி நிமிடம்வரை பிரிக்க விடமாட்டார்கள். பிரிப்பதற்கு முன் மேல் கையுறையை மாற்றச் சொல்வார் சர்ஜன். மண்டையில் ஒரு சின்னத் துளை, வயிற்றில் தொப்புளுக்குச் சற்று மேலே ஒரு சின்ன வெட்டு. இரண்டுக்கும் நடுவில் நீளமான ஓர் எஃகுக் கம்பியைத் தோலுக்கடியில் நுழைத்துத் தள்ளிக்கொண்டே போவார்கள். காறை எலும்பு வந்ததும் கை கொஞ்சம் தயங்கும். அழுத்தினால் மார்புக்குள் இறங்கிவிடும், தூக்கினால் தோலைக் கிழிக்கும். முதல் முறை பார்க்கிற மாணவிகள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அந்தச் சுரங்கத்துக்குள் குழாயைக் கோத்து, தலைப்பக்கம் வால்வோடு இணைத்ததும், சர்ஜன் கீழ்முனையைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். சொட்டு வர வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று தெளிந்த நீர் சொட்டுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அதை வயிற்றுக்குள் விடுவார்.

வால்வு என்பது சைக்கிள் டியூப் வால்வு மாதிரிதான். ஒரு பக்கம் மட்டும் திறக்கும், அதுவும் உள்ளே அழுத்தம் ஓர் அளவைத் தாண்டினால். வயிற்று நீர் மேலே ஏறாது.

ஏன் வயிறு? தலைக்கு வந்த நோய்க்கு வயிற்றை ஏன் அறுக்கிறீர்கள் என்று என்னிடம் சண்டை போட்ட தாத்தாக்கள் உண்டு. குடலைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வை விரித்துப் போட்டால் ஏறத்தாழ நம் உடம்புத் தோலின் பரப்பு வரும். நீரை உறிஞ்சி ரத்தத்தில் சேர்த்துவிடும் வேலையை அது சத்தமில்லாமல் செய்கிறது. ஆனால் மருத்துவர்கள் நேராக இங்கே வந்துவிடவில்லை. 1905-இல் ஜெர்மானிய சர்ஜன் வால்தர் கௌஷ் மூளையிலிருந்து வயிற்றுக்கு ரப்பர் குழாய் போட்டார். வால்வு இல்லாததால் நீர் கட்டுப்பாடில்லாமல் வடிந்து குழந்தை சில மணி நேரத்தில் இறந்தது. பிறகு சிறுநீர்க் குழாயில் வடித்துப் பார்த்தார்கள், அதற்காக ஒரு சிறுநீரகத்தையே எடுத்தார்கள். பித்தப்பையைக்கூட விடவில்லை. 1949-இல் அமெரிக்காவில் நல்சனும் ஸ்பிட்ஸும் வால்வு வைத்த குழாயை இதயத்துக்கு அருகில் ரத்தக் குழாயில் விட்டார்கள். வழி திறந்தது அங்கேதான்.

அந்த வால்வை உருப்படியாக்கியவர் டாக்டர் அல்ல, ஜான் ஹோல்டர் என்ற பட்டறைக் கைவினைஞர். 1955-இல் அவருக்கு முதுகுத்தண்டு பிளவோடு மகன் பிறந்தான், தலையில் நீரும் கோத்தது. ஆஸ்பத்திரியில் நடப்பதைப் பார்த்துவிட்டு வீட்டுப் பட்டறையில் உட்கார்ந்து சிலிகோன் வால்வு செய்தார். 1956-இலிருந்து அது குழந்தைகளுக்குப் பொருத்தப்பட்டது. ரோல்ட் தாலைச் சாக்லேட் ஃபேக்டரி கதைக்காக நம் பிள்ளைகளுக்குத் தெரியும். அவருடைய கைக்குழந்தை 1960-இல் நியூயார்க்கில் தள்ளுவண்டியோடு டாக்ஸியில் அடிபட்டு, தலையில் நீர் கோத்து, வைத்த வால்வு திரும்பத் திரும்ப அடைத்தது. அவர் பொம்மை விமானங்களுக்கு எஞ்சின் செய்யும் ஸ்டான்லி வேட், நரம்பியல் சர்ஜன் கென்னத் டில் இருவரையும் கூட்டுச் சேர்த்து இன்னொரு வால்வு செய்தார். நல்ல சிலிகோன் குழாய்கள் வந்து, இதயப் பக்கம் வைத்ததால் வரும் ரத்தத் தொற்றுகளும் சலித்துப்போய், 1970-களில்தான் வயிறு நிலையான இடமானது. வளரும் பிள்ளைக்கு இன்னொரு வசதி: வயிற்றுக்குள் குழாயை நீளமாகவே சுருட்டி விட்டுவிடலாம். பிள்ளை உயர உயரச் சுருள் தானாகப் பிரியும்.

நம் ஊர்ப் பக்கம் பார்த்தால், இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைப் பிரிவை ஜேக்கப் சாண்டி 1949-இல் வேலூர் சி.எம்.சி.யில் தொடங்கினார். அடுத்த வருடம் சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி. திருத்தணிக்காரர்களுக்கு இரண்டும் எட்டும் தூரம்; அரக்கோணம் வழியாக ரயில், சோளிங்கர் வழியாக பஸ். வெளிநாட்டு வால்வின் விலை ஏழைக் குடும்பத்தால் நினைத்தும் பார்க்க முடியாததாக இருந்தபோது, உத்தரப்பிரதேசத்தைச் சேர்ந்த டாக்டர் சாப்ரா வடிவமைத்த உள்நாட்டு ஷன்ட் வந்தது. 'சாப்ரா' என்று பெட்டியில் எழுதியிருக்கும். அலமாரியிலிருந்து அதை எத்தனையோ முறை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். விலை குறைவென்றால் சரக்கும் மட்டமோ என்று கேட்பவர்களுக்கு: உகாண்டாவில் 195 குழந்தைகளுக்கு இதையும் விலையுயர்ந்த அமெரிக்க வால்வையும் வைத்து ஓராண்டு கவனித்து 2005-இல் வெளியிட்டார்கள். பலனில் வித்தியாசம் தெரியவில்லை.

காசநோய்க்கு வருகிறேன். மூளையுறையில் காசம் பிடித்தால் நீர் வடியும் இடமெல்லாம் பிசினாகி அடைத்துக்கொள்ளும். சி.எம்.சி. மருத்துவர்கள் இப்படிப்பட்ட 114 நோயாளிகளுக்கு ஷன்ட் வைத்துப் பல வருடம் தொடர்ந்து பார்த்து 1991-இல் எழுதினார்கள். நோயாளி எந்த நிலையில் வந்தார் என்று நான்கு படியாகப் பிரித்தது அந்த ஆய்வு. நினைவு தெளிவாக இருக்கும்போதே வந்தவர்கள் பெரும்பாலும் பிழைத்தார்கள்; நினைவு முழுக்கத் தப்பிய பிறகு வந்தவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. அந்தப் படிநிலையை உலகத்தில் பலரும் இன்றைக்கும் பயன்படுத்துகிறார்கள். இரண்டு வாரமாகக் காய்ச்சலும் தலைவலியும் உள்ள பிள்ளைக்கு ஊசி மட்டும் போட்டுக்கொண்டே இருக்க வேண்டாம் என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

இனி வயிறு.

பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி ஓட்டும் குடும்பத்துப் பையன் ஒருவன். குறைமாதத்தில் பிறந்து, மூளையில் ரத்தம் கசிந்து, கைக்குழந்தையாக இருக்கும்போதே ஷன்ட் வைத்தது. நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்தான். அவன் பாட்டி என் அம்மாவின் சிநேகிதி வழியில் பழக்கம். ஒரு நாள் அவனைத் தூக்கிக்கொண்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தவர் சட்டையைத் தூக்கிக் காட்டினார்.

"ஏம்மா, போன அமாவாசைக்குத்தான் புதுசா அரைஞாண் கயிறு கட்டுனேன். விரல் ரெண்டு நொழையற மாதிரி விட்டுத்தான் கட்டுனேன். இப்பப் பாரு, தோல்ல பதியுது."

கயிறு இடுப்பில் சிவப்பாகக் கோடு போட்டிருந்தது. வயிற்றின் வலது பக்கம் மட்டும் உப்பி, தொட்டால் பையன் கையைத் தட்டிவிட்டான். சோறு சரியாகச் சாப்பிட்டுப் பத்து நாளாயிற்று என்றார். செரியாமாந்தம் என்று தொக்கம் எடுக்கிறவரிடம் கூட்டிப் போயிருக்கிறார்கள். எண்ணெய் தடவி நீவிவிட்டிருக்கிறார். குறையவில்லை என்று ஒரு கிளினிக்கில் காட்டியதில் கேஸுக்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள். டியூப் வைத்த பிள்ளை என்று அங்கே சொன்னீர்களா என்று கேட்டேன்.

"வயித்து வலிக்குத்தானே போனோம், தலை சமாச்சாரத்தை எதுக்குச் சொல்லணும்?"

பாட்டியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு யாரும் அப்படிச் சொல்லித் தரவில்லை. அன்றைக்கே ஊரிலேயே வயிற்று ஸ்கேன் எடுக்க வைத்தேன். டாக்டர் படத்தில் காட்டினார்: கருப்பாக ஒரு பெரிய நீர்ப்பை, அதற்குள் இரண்டு வெள்ளைக் கோடுகளாகக் குழாயின் நுனி.

வயிற்றுக்குள் வடியும் நீர் நாலாபுறமும் பரவி உறிஞ்சப்பட வேண்டும். குழாயின் நுனியைச் சுற்றி அழற்சி ஏற்பட்டால் குடலும் கொழுப்புச் சவ்வும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரு மூடிய அறை கட்டிவிடும். மேலிருந்து நீர் வந்துகொண்டே இருக்கும், உள்ளே போன நீருக்கு வெளியேற வழி இருக்காது. ஷன்ட் வைத்தவர்களில் நூற்றுக்கு ஒருவரிலிருந்து நாலைந்து பேர்வரை இது வருவதாக மருத்துவ ஏடுகள் சொல்கின்றன. 1954-லேயே எழுதிவைத்திருக்கும் சமாச்சாரம்தான், புதிதல்ல. ஆரம்பத்தில் தலையில் ஒன்றும் தெரியாமல் போகலாம். வயிறு மட்டும் உப்பும், வலிக்கும், பசிக்காது. நீர்ப்பை நிறைந்து எதிரழுத்தம் கூடக் கூட மேலே மூளையிலும் நீர் தேங்கும். அப்போதுதான் தலைவலி, வாந்தி, மயக்கம். பெரும்பாலும் பின்னணியில் அடங்கிக் கிடக்கும் தொற்று ஒன்று இருக்கும் என்றே சர்ஜன்கள் முதலில் சந்தேகிப்பார்கள்.

பையனைச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். குழாயை மார்பருகே வெளியே எடுத்து ஒரு பையில் வடியவிட்டு, நீரைக் கல்ச்சருக்கு அனுப்பி, ஆன்டிபயாடிக் ஊசி போட்டார்கள். வயிற்று நீர்ப்பை சுருங்கிவிட்டது. வார்டில் பாட்டிக்கு ஒரே வேலை, பையைக் காவல் காப்பது. பை கீழே இறங்கினால் மூளை நீர் மளமளவென்று வடிந்துவிடும், மேலே ஏறினால் வடியாது; பிள்ளையைத் தூக்கி உட்கார வைப்பதற்கு முன் கிளிப்பை மூட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மாள், கிளிப்பை மூடாமல் படுக்கையை உயர்த்த வந்த பயிற்சி மாணவியைக் கையைப் பிடித்து நிறுத்தினார் என்று பிறகு மருமகள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நீரில் கிருமி இல்லை என்று அடுத்தடுத்த சோதனைகளில் உறுதியான பிறகு, வயிற்றின் வேறொரு பக்கத்தில் புதுக் குழாய் வைத்து அனுப்பினார்கள். வயிறு இனி நீரை ஏற்காது என்று தெரிந்தால் இதயப் பக்கமோ நுரையீரலைச் சுற்றியுள்ள உறைக்குள்ளோ வைப்பதும் உண்டு.

தொற்றைப் பற்றி ஒரு வார்த்தை. ஷன்ட் வைத்த நூறு பேரில் 5 முதல் 15 பேருக்குத் தொற்று வரலாம். வருவதில் பெரும்பாலானவை முதல் ஆறு மாதத்துக்குள் வந்துவிடும். கிருமி எங்கிருந்தோ பறந்து வருவதில்லை, நம் தோலிலேயே சாதுவாக வாழும் ஸ்டெபிலோகாக்கஸ்தான் அதிகம். தியேட்டரில் அத்தனை ஆசாரம் பார்ப்பது அதனால்தான். காய்ச்சலோடு வயிறு கல் மாதிரி இறுகினாலும், குழாய் போகும் வழியில் தோல் சிவந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். காய்ச்சல் மாத்திரை கொடுத்து நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

ஆண் குழந்தைகளுக்கு இன்னொன்று. பிறந்த புதிதில் வயிற்றிலிருந்து விதைப்பைக்குப் போகும் ஒரு சின்ன வழி மூடாமல் இருக்கும். சாதாரணமாகத் தானே மூடிக்கொள்ளும். ஷன்ட் நீர் வயிற்றில் சேர்ந்து அழுத்தம் கொடுத்தால் அது திறந்தே நின்று குடலிறக்கமோ, விதைப்பையில் நீரோ வரும். சில சமயம் குழாயின் நுனியே விதைப்பைக்குள் இறங்கி, தோலுக்கடியில் புழு நெளிவதாகத் தாய் பயந்து போவாள். எவ்வளவு சின்ன வயதில் ஷன்ட் வைக்கிறார்களோ அவ்வளவுக்கு இதற்கான வாய்ப்பு அதிகம். தொடையிடுக்கில் வீக்கம் வந்து போனாலும் காட்டிவிடுவது நல்லது. பெரிய அபாயமில்லாமல் சரிசெய்யக் கூடியதுதான்.

அடுத்ததைக் கேட்டால் பலர் நம்பமாட்டார்கள். குழாயின் நுனி மெல்ல மெல்லக் குடல் சுவரை அரித்துத் துளைத்து உள்ளே போய், மலவாய் வழியாக வெளியே வந்து நிற்கும். அபூர்வம்தான், ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் ஷன்ட் அதிகம் வைக்கப்படும் நம் நாட்டிலிருந்து வந்த கட்டுரைகளே நிறைய. 1966-இல் முதலில் பதிவானது. தொப்புள் வழியாக, சிறுமிகளுக்குப் பிறப்புறுப்பு வழியாக, மிக அரிதாக வாய் வழியாகக்கூட வந்ததாகப் பதிவுகள் உண்டு. ஆச்சரியம் என்னவென்றால், குடல் துளைபட்டும் நாலில் மூன்று பேருக்கு வயிற்றில் வலியோ காய்ச்சலோ பெரிதாக இருக்காது. குழாயைச் சுற்றி உடம்பே ஓர் உறை கட்டிவிடுகிறது. கழுவிவிடும்போது கயிறு மாதிரி ஏதோ தொங்குகிறதே என்று அம்மா பார்த்தால்தான் உண்டு; நாடாப்புழு என்று நினைத்து இழுத்துப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள்.

இழுக்கவே கூடாது. உள்ளே தள்ளவும் கூடாது, வெட்டவும் கூடாது. சுத்தமான துணியால் மூடி, சாப்பிடக் கொடுக்காமல், ஷன்ட் வைத்த ஆஸ்பத்திரிக்கோ நரம்பியல் சர்ஜன் இருக்கும் ஆஸ்பத்திரிக்கோ போக வேண்டும். குடலில் கிடந்த நுனியை மேல்பக்கமாக உருவினால் அதில் ஒட்டிய கிருமி சுரங்கம் முழுக்கப் பரவி மூளைக்கே போய்விடும். அதனால் சர்ஜன் மார்பிலோ வயிற்றிலோ குழாயை வெட்டிவிட்டு, கீழ்த்துண்டைக் கீழ்வழியாகவே எடுப்பார். குடலில் உள்ள சின்னத் துளை பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். வயிற்றைப் பெரிதாகத் திறக்க வேண்டி வருவது குறைவு.

சின்ன விஷயமாகத் தெரியும் மலச்சிக்கலையும் விடக் கூடாது. முதுகுத்தண்டு பிளவோடு பிறந்த பிள்ளைகளுக்கு மலம் இறுகுவது வழக்கம். நாள்கணக்கில் இறுகினால் வயிற்றின் அழுத்தம் கூடி ஷன்ட் நீர் வடிவது தடைபட்டு, மூளை அழுத்தத்தின் அடையாளங்கள் எல்லாம் வந்து, மலம் கழிந்ததும் சரியான குழந்தைகளைப் பற்றிப் பதிவுகள் இருக்கின்றன. ஷன்ட் அடைத்துவிட்டதென்று ஆபரேஷனுக்கு ஓடும் முன் எனிமா கொடுத்துப் பார்க்கும் அனுபவசாலிகள் உண்டு. அதற்காக வீட்டில் வைத்தியம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள். எது எது என்று பிரித்துப் பார்ப்பது டாக்டரின் வேலை. குழாய் நடுவில் ஒடிவதும், பிள்ளை மளமளவென்று வளரும் பருவத்தில் சுருள் தீர்ந்து நுனி வயிற்றுக்கு வெளியே மேலேறிவிடுவதும் நடக்கும். கழுத்திலிருந்து வயிறுவரை ஒரு எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும். குழந்தைகளுக்கு வைக்கும் ஷன்ட்களில் ஏறத்தாழ பாதி, இரண்டு வருடத்துக்குள் ஏதோ ஒரு காரணத்தால் மாற்றவோ சரிசெய்யவோ வேண்டியதாகிறது. முதல் ஆபரேஷனிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும் என்பது என் கட்சி. 'ஒரே ஆபரேஷனில் முடிந்துவிடும்' என்று நம்பி வந்தவர்கள் இரண்டாவது முறை வரும்போது யாரையாவது திட்டித்தான் ஆறுதல் அடைய வேண்டியிருக்கிறது, பாவம்.

திருத்தணியில் இருந்துகொண்டு மொட்டையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் முருகனுக்கு முடி கொடுக்கிறேன் என்று வேண்டிக்கொள்ளாத குடும்பமே இல்லை. வேண்டுதலில் நான் தலையிட மாட்டேன். தையல் ஆறி டாக்டர் சரி என்ற பிறகு போங்கள். சவரம் செய்பவரிடம் முன்பே காதுக்குப் பின்னாலுள்ள புடைப்பைத் தொட்டுக் காட்டுங்கள். அங்கே தோல் மெல்லியது, புது பிளேடு போட்டு, அழுத்தாமல், அந்த இடத்தில் கொஞ்சம் முடி நின்றாலும் பரவாயில்லை என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னபோது எங்கள் ஊர்க்காரர் ஒருவர், "முருகனுக்கு இந்த நாலு முடி குறைஞ்சா கணக்குல எழுத மாட்டாரும்மா" என்றார். சந்தனம் பூசும்போதும் வெட்டுக்காயம் இல்லையா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அழுகிற கைக்குழந்தைக்கு உரம் விழுந்துவிட்டது என்று புடவையில் போட்டு உருட்டுவதையும், வயிற்றை நீவித் தொக்கம் எடுப்பதையும் மட்டும் ஷன்ட் வைத்த பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிடுவேன். அந்த அழுகைக்கும் வயிற்றுக்கும் பின்னால் என்ன இருக்கிறது என்று கையால் தடவித் தெரிந்துகொள்ள முடியாது.

குழாயே வேண்டாம் என்றும் ஒரு வழி உண்டு. மூளையின் மூன்றாவது அறையின் தரையில் எண்டோஸ்கோப்பால் துளை போட்டு நீருக்கு மாற்று வழி விடுவது. 1923-லேயே செய்து பார்த்தது, கருவிகள் மேம்பட்ட பிறகு மீண்டும் வந்திருக்கிறது. வயிற்றுத் தொல்லையே இல்லை. ஆனால் எல்லோருக்கும் ஒத்துவராது. நீர் எங்கே அடைபட்டிருக்கிறது, குழந்தைக்கு என்ன வயது என்பதைப் பொறுத்தது. கேட்டுப் பாருங்கள், கேட்பதில் தப்பில்லை.

ஷன்ட் வைத்த பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள் என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம். வேலைக்குப் போகிறார்கள், கல்யாணம் செய்கிறார்கள். அவர்களுக்கும் எல்லோரையும் போல அப்பெண்டிக்ஸ் வரும், பித்தப்பையில் கல் வரும். வயிற்றில் கத்தி வைக்கப் போகும் சர்ஜனுக்கு அங்கே ஒரு குழாய் கிடக்கிறது என்று தெரிய வேண்டும். சீழ் பிடித்த வயிறாக இருந்தால் குழாயைக் கொஞ்ச நாள் வெளியே எடுத்துவைக்க வேண்டியிருக்கும். கர்ப்பிணிகளுக்குக் கடைசி மூன்று மாதத்தில் கருப்பை பெருத்து வயிற்று அழுத்தம் கூடுவதால் தலைவலி வரலாம். ரத்த அழுத்தத்தால் வரும் தலைவலியும் அதே மாதத்தில் வருவதால் இரண்டையும் குழப்பிக்கொள்ள வாய்ப்பு நிறைய. என்னிடம் வந்த ஒரு பெண், மாமியார் வீட்டில் இதைச் சொல்லவே இல்லை. கல்யாணத்துக்கு முன் மறைத்துவிட்டார்கள், காதுக்குப் பின்னாலுள்ள தழும்பைக் கூந்தல் மறைத்தது. பிரசவ டாக்டரிடமாவது தனியாகச் சொல்லம்மா என்றேன். சொன்னாள். அவர் நரம்பியல் பிரிவோடு பேசித் திட்டம் போட்டார். சுகப்பிரசவம்.

பணத்தைப் பற்றியும் கேட்பார்கள். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது என்றாலும் சொந்தபந்தங்கள் கோட்டுக்கு இரண்டு பக்கமும்தான். மகள் நகரியில், பிரசவம் இங்கே, ரேஷன் கார்டு அங்கே. இங்கே முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் நடக்கிறது. அந்தப் பக்கம் 2007-இல் ஆரோக்கியஸ்ரீ என்ற பெயரில் தொடங்கிய திட்டம் உண்டு. குழந்தையின் பெயர் எந்தக் கார்டில் இருக்கிறதோ அந்த மாநிலத்துத் திட்டம் எந்த ஆஸ்பத்திரியில் செல்லும் என்று வயிறு உப்பிய இரவில் போய் விசாரிக்க முடியாது. குழந்தை நன்றாக இருக்கும்போதே பெயரைச் சேர்த்து, எந்தெந்த ஆஸ்பத்திரி என்று தெரிந்துவைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

கடைசியாக, அந்த மஞ்சள் பை. ஷன்ட் பெட்டியோடு சின்ன ஸ்டிக்கர்கள் வரும். வால்வின் பெயர், எந்த அழுத்தத்துக்கானது, தயாரிப்பு எண் எல்லாம் அதில் இருக்கும். ஒன்றைக் கேஸ் ஷீட்டில் ஒட்டுவோம். இன்னொன்றை டிஸ்சார்ஜ் சீட்டில் ஒட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். பிள்ளை நன்றாக இருக்கும்போது எடுத்த தலை ஸ்கேன் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும், உடம்பு முடியாதபோது எடுப்பதை ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் ஆதாரம். இதையெல்லாம் போனில் படம் எடுத்துவைத்து, அப்பா போன், அம்மா போன், பாட்டி போன் எல்லாவற்றிலும் ஏற்றிவிடுங்கள். பொதட்டூர்பேட்டைப் பாட்டி இப்போது காய்ச்சல், சளி என்று எதற்குப் போனாலும் சீட்டு வாங்கும் இடத்திலேயே ஆரம்பித்துவிடுகிறாராம்: "தலையிலேர்ந்து வயித்து வரைக்கும் டியூப் போட்ட புள்ள. வலது பக்கம் பழைய தழும்பு, இடது பக்கம் புதுசு. எழுதிக்க."